கரைக் காகிதப்பூ: 20 மாதம் வளர்த்துப் பார்த்த பின் ஒரு மதிப்பீடு

2024 ஜனவரியில், கன்னியாகுமரி மாவட்டத்தில் மார்த்தாண்டத்திலிருந்து குலசேகரம் போகும் சாலையின் ஒரு கிளைவழியில் உள்ள சிறிய வீட்டு நர்சரியிலிருந்து மூன்று காகிதப்பூ (போகன்வில்லா) செடிகளை வாங்கினேன். மற்ற நர்சரிகளில் கிடைக்கும் இரகம் அல்ல அது. அந்த நர்சரிக்காரரின் மதிலோரத்தில் பல ஆண்டுகளாக நிற்கும் சாதாரண வாடாமல்லி நிறக் காகிதப்பூவின் ஒரே ஒரு கொப்பு, 2019இல் கவாத்து செய்த பிறகு தானாகவே வேறு விதமாகப் பூத்தது. அந்தக் கொப்பில் பதியம் போட்டு, அதிலிருந்து வெட்டுத்துண்டுகள் எடுத்து, மூன்றாம் தலைமுறையாகப் பெருக்கிய செடிகளைத்தான் இப்போது விற்கிறார். வாங்கிய வாரத்திலேயே இதைப் பற்றி எழுதும்படி பழைய மாணவர்கள் சிலர் கேட்டார்கள். இயற்கையான சடுதிமாற்றத்தால், அதாவது மரபுப் பண்பில் திடீரென நேர்ந்த மாற்றத்தால், வந்த ஒரு செடியைப் பூத்த முதல் வாரத்தில் மதிப்பிடுவது சரியாகாது என்று சொல்லித் தள்ளிவைத்தேன். இரண்டு முறை கவாத்து கண்டு, இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழையையும் ஐப்பசி மழையையும் பார்த்த பிறகும் அந்தச் செடி அதே பூவைப் பூக்கிறதா என்பதுதான் இதில் முதற்கேள்வி. 2025 ஆகஸ்ட் முடிய 20 மாதங்கள் ஆகிவிட்டன. இப்போது சொல்வதற்கு என்னிடம் சில செய்திகள் இருக்கின்றன.

முதலில் பூவைச் சொல்லிவிடுகிறேன். காகிதப்பூவில் நாம் பூ என்று பார்ப்பது பூ அல்ல. பூவிலைகள் எனப்படும் நிறம் ஏறிய மூன்று இலைகள் ஒன்றுகூடி நிற்க, அவற்றின் நடுவே விரற்கடை நீளத்தில் குழல்போல நிற்கும் மூன்று வெண்ணிறச் சிறுபூக்களே உண்மையான பூக்கள். இந்தப் புதிய செடியில் அந்தப் பூவிலையின் உட்பரப்பு முழுவதும் பழைய சங்கின் வெண்மை; ஓரத்தில் மட்டும், நூல் பிடித்து வரைந்தாற்போல, தாய்ச்செடியின் அதே வாடாமல்லி நிறத்தில் ஒரு கரை ஓடுகிறது. கரை எல்லாப் பூவிலையிலும் ஒரே அகலத்தில் இல்லை. சிலவற்றில் ஒரு கோடாகவும், சிலவற்றில் சிறுவிரல் நக அகலத்திலும் இருக்கிறது. அபூர்வமாக ஒரு பூவிலையின் பாதி முழுவதும் நிறமாகவும் மறுபாதி முழுவதும் வெள்ளையாகவும், நடு நரம்பை எல்லையாகக் கொண்டு பிரிந்து நிற்பதும் உண்டு. புதிதாக விரியும்போது வெண்பகுதியில் மெல்லிய இளஞ்சிவப்புச் சாயல் இருந்து, நான்கைந்து நாளில் வெயிலில் அது மறைந்துவிடுகிறது. நர்சரிக்காரர் இதைக் 'கரைக் காகிதம்' என்கிறார். வேட்டிக்குக் கரை எப்படியோ அப்படி என்று அவர் சொன்ன விளக்கத்துக்கு மேல் நான் சேர்க்க வேண்டியது எதுவும் இல்லை. இலையில் எந்த மாற்றமும் இல்லை. தாய்ச்செடியின் அதே கரும்பச்சை இலை, அதே வளைந்த முள்.

ஒரு கொப்பு மட்டும் இப்படி மாறுவதைக் கேட்டு வியப்பவர்கள், அதே வகை மாற்றங்களோடு நம் மாவட்டத்தில் நாள்தோறும் புழங்குகிறோம் என்பதை நினைத்துப் பார்ப்பதில்லை. செவ்வாழை, அதாவது நம் செந்துளுவன் வைத்த தோட்டக்காரரைக் கேட்டால், சிவந்த தண்டுக் கூட்டத்தில் திடீரென ஒரு கன்று பச்சைத் தண்டோடு எழுந்து பச்சைக் குலை தள்ளுவதைச் சொல்வார். அதுவும் விதையில்லாமல், மொட்டின் வழியாகவே நேர்ந்த மாற்றம். தோவாளைப் பூச்சந்தையில் தொடுக்கப்படும் டெல்லிக் கனகாம்பரமும் இயற்கையாகத் தோன்றிய மாற்றம்தான். அது மும்மடி, அதாவது மூன்று தொகுதிக் குரோமோசோம்கள் கொண்டது, விதை பிடிக்காது, ஆகவே வெட்டுத்துண்டு வைத்தே பெருக்க வேண்டும். 31 ஆண்டுகள் மேல்நிலை வகுப்புகளுக்குத் தாவரவியல் நடத்தினேன். சடுதிமாற்றம் என்ற பாடத்தைத் தொடங்கும்போது இந்த இரண்டையும் சொல்லாமல் நான் தொடங்கியதே இல்லை.

காகிதப்பூவைப் பொறுத்தவரை இந்த வழி இன்னும் பழக்கமானது. ஒரே செடியில் வெள்ளையும் வாடாமல்லியுமாகப் பூக்கும் 'மேரி பாமர்' என்ற இரகத்தை நம்மில் பெரும்பாலோர் பார்த்திருப்போம். கல்கத்தாவின் வேளாண் தோட்டக்கலைச் சங்கத் தோட்டத்தில் 'மிஸஸ் எச். சி. பக்' என்ற இரகத்தின் மொட்டு மாற்றமாகத் தோன்றியது அது. அதிலிருந்து இலையிலும் மஞ்சள் கலந்து மறுபடி பிரிந்தது 'திம்மா'. மாற்றத்திலிருந்து மீண்டும் ஒரு மாற்றம் என்று ஒரே குடும்பத்தில் கண்ணெதிரே காணக்கூடிய அலங்காரச் செடிகள் அதிகம் இல்லை. உலக அளவிலும் இவ்வகைச் செடிகளின் மதிப்பு புதிதல்ல. அமெரிக்காவில் 1931 ஆகஸ்ட் 18 அன்று வழங்கப்பட்ட முதல் தாவரக் காப்புரிமை 'நியூ டான்' என்ற கொடி ரோஜாவுக்கே சென்றது. ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் 'டாக்டர் டபிள்யூ. வான் ஃப்ளீட்' என்ற ரோஜாவிலிருந்து, பருவம் முழுவதும் விட்டுவிட்டுப் பூக்கும் குணத்தோடு தானாகப் பிரிந்த மாற்றம் அது. யாரும் மகரந்தம் தூவி உருவாக்கியதில்லை; யாரோ ஒருவர் கண்ணால் கண்டு, வெட்டி எறியாமல் காப்பாற்றினார். நம் நர்சரிக்காரர் செய்ததும் அதே வேலைதான். கவாத்துக்கு வந்த ஆள் அந்த வெளிறிய கொப்பை நோய் என்று நினைத்து வெட்டப் போனபோது தடுத்து, அதில் ஒரு துணியைக் கட்டி வைத்திருக்கிறார்.

இந்தச் செடியின் வலிமையும் பலவீனமும் ஒரே இடத்தில்தான் இருக்கின்றன. வாங்குகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது அதுதான் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். எந்தக் கொப்பின் குருத்து நுனியிலும் செல்கள் அடுக்கடுக்காக இருக்கின்றன: வெளியே தோலாக வளரும் ஓர் அடுக்கு, அதற்குக் கீழே ஒன்று, அதற்கும் உள்ளே மற்றொன்று. சடுதிமாற்றம் முதலில் ஒரே ஒரு செல்லில்தான் நேர்கிறது. அந்தச் செல் பெருகி ஓர் அடுக்கை முழுவதுமாகப் பிடித்துக்கொண்டால், ஓர் அடுக்கு மாறியதும் மற்ற அடுக்குகள் பழையபடியுமாக இரண்டு மரபு ஒரே கொப்பில் சேர்ந்து வாழும். இதைக் கைமேரா என்கிறோம். காகிதப்பூவின் நிறம், செம்பருத்தியிலும் ரோஜாவிலும் உள்ள ஆந்தோசயனின் என்ற நிறமியால் வருவது அல்ல. பீட்ரூட்டுக்கும் செந்தண்டுக்கீரைக்கும் நிறம் தருகிற பீட்டாலைன் வகை நிறமியால் வருவது. அந்த நிறத்தைச் செய்யும் திறனைப் பூவிலையின் உட்பரப்பு இழந்தும் ஓரம் இழக்காமலும் நிற்பதுதான் இங்கே கரையாகத் தெரிகிறது. அடுக்குகள் தம்தம் இடத்தில் இருக்கும்வரை கரையும் இருக்கும். எங்கேயாவது பழைய அடுக்கிலிருந்து மட்டும் ஒரு புதுத் துளிர் கிளம்பினால், அந்தக் கொப்பு முழுவதும் தாய்ச்செடியின் நிறத்திலேயே பூக்கும். அப்படிப்பட்ட கொப்பு மற்றக் கொப்புகளை விட வேகமாகவும் வளரும்.

இதை நர்சரிக்காரர் என்னிடம் பாடமாகச் சொல்லவில்லை, ஆனால் செடியைக் கையில் தரும்போதே அவர் சொன்னது அதே பொருள்தான்: "டீச்சரே, பழைய நெறத்துல ஒரு கொப்பு வந்தா பாவம் பாக்காம அடியோட எடுத்துப்போடுங்க. விட்டீங்கன்னா அது நல்லா வளந்து இதை அமுக்கிப்போடும்." விற்கும் பொருளின் குறையை விலை வாங்குமுன் சொல்லும் வியாபாரியை நான் அதிகம் கண்டதில்லை. அந்த ஒரு வாக்கியத்துக்காகவே அவரிடம் மூன்று செடி வாங்கினேன்.

மூன்றையும் மூன்று இடத்தில் வைத்தேன். ஒன்று நாகர்கோவிலில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில், 12 அங்குல மண்சட்டியில். இரண்டாவது குலசேகரத்துக்குப் பக்கத்தில் அக்கா வீட்டு முற்றத்தில், தரையில். மூன்றாவது தோவாளையில் என்னோடு வேலை பார்த்த ஆசிரியை ஒருவரின் வீட்டு வாசலில், அதுவும் தரையில். ஒரே மாவட்டமாக இருந்தாலும் இந்த மூன்று இடமும் செடிக்கு மூன்று நாடு போன்றவை. குலசேகரத்தில் மண் செம்மண், பேச்சிப்பாறை மலையை ஒட்டிய மழை, சுற்றிலும் ரப்பர். தோவாளை, ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றின் வழியில் இருக்கிறது. நாகர்கோவில் இரண்டுக்கும் இடைப்பட்டது.

மொட்டைமாடிச் செடிதான் மூன்றிலும் நன்றாக வந்தது. நாளெல்லாம் வெயில், சட்டியில் வேர் நெருக்கம், மேல்மண் காய்ந்து இலை சற்றே வாடத் தொடங்கிய பிறகு மட்டும் தண்ணீர் என்று வைத்தேன். காகிதப்பூவுக்குப் பிடித்த கண்டிப்பு அது. 2024 பிப்ரவரி முதல் மே வரை பூ ஓயவே இல்லை. மழைக்காலத்தில் இலை தள்ளி, ஆகஸ்டின் வெயில் இடைவெளியில் ஒரு சுற்றுப் பூத்து, ஐப்பசியில் மறுபடி நின்று, 2025 ஜனவரியில் தொடங்கியது முந்தைய ஆண்டைவிடக் கனத்த பூப்பு. 20 மாதங்களில் பழைய நிறத்துக்குத் திரும்பிய கொப்புகள் இரண்டே இரண்டு. இரண்டும் சட்டியின் விளிம்புக்குச் சற்று மேலே, அடித்தண்டிலிருந்து எழுந்தவை. பூக்கும் முன்னரே சந்தேகம் வந்தது, ஏனென்றால் அவற்றின் இளந்துளிர் மற்றதைவிடச் சிவந்திருந்தது. பூத்து உறுதியானதும் அடியோடு கிள்ளினேன். அதன் பிறகு அந்த இடத்திலிருந்து எதுவும் வரவில்லை.

குலசேகரத்துச் செடியின் கதை வேறு. மண் வளமும் மழையும் சேர்ந்து ஆறே மாதத்தில் ஆள் உயரம் போயிற்று. இலைதான், பூ அரிது. அக்கா பொறுமை இழந்து 2024 ஜூனில் தரையிலிருந்து இரண்டடி உயரத்துக்கு ஒரேயடியாக வெட்டிவிட்டாள். அதற்குமுன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தடுத்திருப்பேன். முதிர்ந்த கட்டையிலிருந்து புதிதாகத் துளிர்க்கும் மொட்டுகள் எந்த அடுக்கிலிருந்து வரும் என்று நம்மால் சொல்ல முடியாது; கைமேராச் செடிகளில் கடுமையான கவாத்து செய்யக்கூடாது என்பதற்குக் காரணமே இதுதான். அந்தக் கட்டையிலிருந்து எழுந்த 11 கொப்புகளில் ஐந்து, 2025 ஜனவரியில் முழு வாடாமல்லியாகப் பூத்தன. மீதி ஆறு கரையோடு பூத்தன. அக்காவுக்கு இரண்டு நிறமும் ஒரே செடியில் இருப்பது பிடித்துவிட்டது, எடுக்க விடவில்லை. இந்த ஆகஸ்டில் போய்ப் பார்த்தபோது செடியின் முக்கால் பங்கு வாடாமல்லியாகிவிட்டிருந்தது. இன்னும் ஒரு மழைக்காலம் போனால் கரைக் கொப்பு ஒன்றிரண்டுதான் மிஞ்சும். இதைச் செடியின் குறையாக நான் எழுதமாட்டேன். ஆனால் கத்தரிக்கோலைக் கையில் எடுக்க மனம் வராதவர்கள் இந்தச் செடியை வாங்க வேண்டாம்.

மழை இன்னொன்றும் செய்கிறது. நிறம் அடர்ந்த காகிதப்பூவில் தெரியாத மழைக்கறை இந்த வெண்பரப்பில் பழுப்புப் புள்ளிகளாகத் தெரிகிறது. நாகர்கோவிலில் இரண்டு நாள் தொடர் மழைக்குப் பிறகு பூவிலைகள் தேநீர் தெறித்த வெள்ளைத்துணி போலாகிவிடுகின்றன; குலசேகரத்தில் பூக்கும் கொஞ்சமும் அப்படியேதான் போகிறது. கல்குளம், விளவங்கோடு, திருவட்டாறு பக்கத்துக்காரர்கள் இதைத் தரையில் வைப்பதைவிடச் சட்டியில் வைத்து, மழைமாதங்களில் தாழ்வாரத்தின் வெயில்படும் விளிம்புக்கு நகர்த்துவது நல்லது.

தோவாளையில் நடந்ததைச் சொல்வதற்குமுன் ஒரு முறையீட்டைச் சொல்ல வேண்டும். நான் வாங்கிய மூன்றில் இரண்டுதான் பூவோடு இருந்தன. மூன்றாவது பூக்காத இளஞ்செடி. பூத்தது 350 ரூபாய், பூக்காதது 250 ரூபாய் என்று தந்தார். அந்தப் பூக்காத செடி தோவாளையில் மார்ச் மாதம் பூத்தபோது முழு வாடாமல்லி. ஒரு கரைகூட இல்லை. வெட்டுத்துண்டு எடுத்த கொப்பே ஏற்கனவே திரும்பியிருக்க வேண்டும், அல்லது தாய்ச்செடியின் துண்டு ஒன்று கலந்திருக்க வேண்டும். ஏப்ரலில் படத்தோடு போய்க் காட்டினேன். அவர் வாதாடவில்லை. "பூ காணாம குடுத்தது என் தப்புதான் டீச்சரே, பூத்ததை எடுத்துட்டுப் போங்க" என்று, விலை வித்தியாசத்தைக்கூட வாங்காமல் பூத்த செடி ஒன்றைத் தந்தார். அன்று முதல் பூக்காத செடியை விற்பதில்லை என்று சொன்னார்; இந்த ஆண்டு இருமுறை போனபோது அப்படித்தான் இருந்தது. இதற்கு முன் வேறொரு கடையில், வெளிநாட்டு இரகம் என்று பளபளக்கும் அட்டையைப் பார்த்து 900 ரூபாய் கொடுத்து வாங்கிய செடி எங்கள் தெருவிலேயே மதிலுக்கு மதில் நிற்கும் சாதாரணக் காகிதப்பூவாகப் பூத்தபோது, திருப்பிக் கேட்ட என்னிடம் தண்ணீர் சரியில்லை என்றார்கள். அதை ஒப்பிட்டுப் பார்க்கையில் இந்த நர்சரிக்காரரின் நேர்மை எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

மாற்றித் தந்த செடி தோவாளைக் காற்றில் நன்றாகவே வேர் பிடித்தது. மழை குறைவு, வெயில் மிகுதி, நீர் தேங்காத நிலம். பூப்பு மொட்டைமாடிச் செடிக்கு இணை. பழைய நிறத்துக்குத் திரும்பியது இதுவரை ஒரே ஒரு கொப்பு. ஆனால் ஆனி, ஆடிக் காற்றில் பூவிலைகள் கிழிகின்றன. காகிதப்பூ என்ற பெயருக்கேற்ற தாள்கள்தானே அவை. கரை இருப்பதால் கிழிசல் இன்னும் கண்ணில் படுகிறது. வாசலின் மேற்குப் பக்கத்தில் ஒரு தடுப்பு இருந்திருந்தால் தப்பித்திருக்கும்.

நர்சரியின் வேலையில் எனக்கு இரண்டு குறைகள் உண்டு. பையில் நிரப்பியிருக்கும் மண் கனமான களிச்செம்மண். தண்ணீர் மேலேயே நிற்கிறது. காகிதப்பூவின் வேர் எளிதில் அறுந்துபோகும் இயல்புடையது என்பதால், மண்ணை உதிர்த்து மாற்றி நடுவதும் ஆபத்து. நான் பையை மட்டும் கிழித்து, மண்கட்டி உடையாமல், ஆற்றுமணலும் மட்கிய தொழுவுரமும் தேங்காய் நார்த்தூளும் கலந்த சட்டியில் அப்படியே இறக்கினேன். மணல் கலந்து பை நிரப்பினால் வாங்குகிறவர்களுக்கு இந்தத் தலைவலி இல்லை, அவரிடமும் சொன்னேன். இரண்டாவது குறை, பெயர்ச்சீட்டு இல்லாதது. எந்தத் தாய்ச்செடி, எந்த ஆண்டு எடுத்த துண்டு, எத்தனையாவது தலைமுறை என்பதையெல்லாம் அவர் நினைவிலேயே வைத்திருக்கிறார். ஒரு புதிய இரகத்துக்கு அந்த நினைவுதான் பிறப்புச் சான்று. அது ஒரு நோட்டுப்புத்தகத்தில் ஏற வேண்டும். சென்ற முறை ஒரு நீளக் கணக்குப் புத்தகம் வாங்கிக்கொண்டுபோய்க் கொடுத்து, முதற்பக்கத்தை நானே எழுதித் தந்துவிட்டு வந்தேன்.

பெருக்கிப் பார்த்ததையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஒரு சடுதிமாற்றம் புதிய இரகமாக நிற்பதற்கு அதுவே சோதனை. 2024 ஜூலையில் மாடிச் செடியின் கரைக் கொப்புகளிலிருந்து பென்சில் கனத்தில், ஒரு சாண் நீளத்தில் பத்துத் துண்டுகள் எடுத்து, அடியில் வேர்த்தூண்டும் பொடி தொட்டு மணலில் நட்டேன். நான்குதான் வேர் விட்டன. அதே நேரத்தில் மூன்று கொப்புகளில், செடியிலிருந்து வெட்டாமலே வேர் விடவைக்கும் விண்பதியம் கட்டினேன். மூன்றும் வேர் விட்டன. இந்த ஏழு செடிகளும் 2025 மார்ச்சுக்குள் பூத்தன, ஏழும் கரையோடு. எண்ணிக்கை சிறிதுதான் என்றாலும் எனக்கு நம்பிக்கை தருவது இதுதான். நல்ல கரைக் கொப்பைத் தேர்ந்தெடுத்துப் பதியம் போட்டால் இந்தச் செடி தன் பூவை விட்டுக்கொடுக்கவில்லை. விதையிலிருந்து இதை எதிர்பார்க்க வேண்டாம். மகரந்தமும் சூலும் பெரும்பாலும் தோலுக்கு அடுத்த உள்ளடுக்கிலிருந்தே உருவாகின்றன, ஆகவே கைமேராவின் அடுக்கமைப்பை விதை அப்படியே எடுத்துச்செல்லாது. மாவுப்பூச்சித் தொல்லை மற்றக் காகிதப்பூவுக்கு இருக்கும் அளவுதான். வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலில் கலந்து இருமுறை தெளித்ததோடு சரியாயிற்று.

பெயரும் பதிவும் பற்றி நர்சரிக்காரர் என்னிடம் கேட்டார். அவருக்குச் சொன்னதை இங்கும் எழுதுகிறேன், இதுபோன்ற கொப்பு இன்னும் எத்தனையோ மதிலோரங்களில் இருக்கக்கூடும் என்பதால். நம் நாட்டின் பயிர் இரகங்கள் மற்றும் உழவர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் 2001ஆம் ஆண்டினது. ஒரு புதிய இரகம் பதிவு பெற வேண்டுமென்றால் அது மற்ற இரகங்களிலிருந்து வேறுபட்டதாக, செடிக்குச் செடி ஒரே சீராக, பெருக்கும்தோறும் மாறாததாக இருக்க வேண்டும். பாதுகாப்புக் காலம் மரங்களுக்கும் கொடிகளுக்கும் 18 ஆண்டுகள், ஏனைய பயிர்களுக்கு 15 ஆண்டுகள். வேறுபாட்டில் கரைக் காகிதத்துக்கு ஐயமில்லை. சீரும் நிலைப்பும்தான் இன்னும் மெய்ப்பிக்கப்பட வேண்டியவை. என் ஏழு செடிகளைப் போல எழுபது செடிகள், இரண்டு மூன்று தலைமுறைக்கு, தேதியோடு எழுதி வைக்கப்பட வேண்டும். காகிதப்பூ இரகங்களின் பெயரைப் பன்னாட்டு அளவில் பதியும் பொறுப்பும் புது தில்லியிலுள்ள இந்திய வேளாண்மை ஆராய்ச்சி நிறுவனத்திடமே இருக்கிறது. எனவே பெயருக்காகக் கடல் கடக்க வேண்டியதில்லை. 1959 முதல் வைக்கும் இரகப் பெயர் இலத்தீன் வடிவில் இருக்கக்கூடாது என்பது பன்னாட்டு விதி. இதைச் சொன்னதும் அவர் முகம் மலர்ந்தது. யாரோ ஒருவர் ஆங்கிலத்திலோ இலத்தீனிலோ பெயர் வைத்தால்தான் விலை போகும் என்று அவருக்குச் சொல்லியிருக்கிறார். 'கரை' என்ற இரண்டெழுத்துத் தமிழ்ச் சொல்லே போதும் என்றேன். அதற்குள் வேறு யாராவது துண்டு வாங்கிப்போய்த் தம் பெயரில் விற்றுவிடுவார்களோ என்ற கவலையும் எனக்கு இருக்கிறது. அதனால்தான் நர்சரியின் பெயரையும் இடத்தையும் அவர் பதிவுக்கு விண்ணப்பிக்கும்வரை எழுதவில்லை. விசாரித்து வருகிறவர்களுக்கு நேரில் வழி சொல்கிறேன்.

விலையைப் பற்றி: சாதாரண வாடாமல்லிக் காகிதப்பூ அதே நர்சரியில் 80 ரூபாய். கரைக் காகிதம் 350 ரூபாய் என்பது நான்கு மடங்குக்கு மேல். வேர் பிடிப்பது பாதிக்கும் குறைவு, பூக்கும்வரை ஓராண்டுக்கு அருகில் வைத்துக் காக்க வேண்டும், திரும்பிய செடிகளைக் கழித்துக்கட்ட வேண்டும் என்பதை என் மாடியிலேயே செய்து பார்த்த பிறகு அந்த விலை நியாயம் என்றே எண்ணுகிறேன். அகஸ்தீஸ்வரம், தோவாளை வட்டங்களில் வெயில்படும் மதிலோ மொட்டைமாடியோ உள்ளவர்கள் தயங்காமல் வாங்கலாம். மேற்கே உள்ளவர்கள் சட்டியில் மட்டும் வாங்கலாம். எவரானாலும் பூவோடு நிற்கும் செடியையே, அதிலும் எல்லாக் கொப்பிலும் கரை இருக்கிறதா என்று சுற்றிப் பார்த்து, அடித்தண்டில் சிவந்த துளிர் இல்லாததாக எடுக்க வேண்டும். கவாத்து என்றால் நுனியிலிருந்து ஒரு சாண் அளவுக்கு மேல் வேண்டாம். பூத்து முடிந்த கொப்பை மட்டும் லேசாக வெட்டினால் போதும். யூரியா போன்ற தழைச்சத்து உரத்தைக் கிட்டவே கொண்டுபோக வேண்டாம், இலைதான் மிஞ்சும்.

தை மாதத்தில் அடுத்த தொகுதி பூக்கும் என்று சொல்லியிருக்கிறார். நான் வேலை பார்த்த பள்ளியின் முன்மதிலுக்கு இரண்டு செடி சொல்லி வைத்திருக்கிறேன். அக்கா வீட்டுக்கும் ஒன்று வேண்டும், இம்முறை சட்டியில். கத்தரிக்கோலை நான் வாங்கி வைத்துக்கொள்வேன் என்ற உடன்பாட்டோடு.